நிழல் பழகிய சிப்பி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் அண்ணியும் நலம்தானே? பக்கத்து இருக்கைக்காரர் வழிநெடுக என் தோளில் தூங்கியதைத் தவிர பேருந்தில் வேறு கஷ்டமில்லை.

சித்தி கட்டிலில் படுத்தபடியே வீட்டை ஆள்கிறார். உடைந்தது இடுப்பு எலும்புதான், வாய்க்கு ஒரு சேதமும் இல்லை. "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஊரார் பேச்சைக் கேட்டாச்சு, போதும்" என்று ஓய்வு பெற்ற கையோடு வீட்டு டெலிபோனை எடுக்கச் சொல்லிவிட்டாராம். அதனால் நமக்குக் கடிதம்தான்.

நீ சொன்ன மாதிரியே இங்குள்ள டாக்டரும் ஆறு மாதத்தில் நடக்க வைத்துவிடலாம் என்கிறார். அதுவரை என் அறைத் தொட்டியில் இருக்கும் கடல் சிப்பிகள் மூன்றும் உன் பொறுப்பு. சிரிக்காதே. போகிறபோது சொன்னதையே மறுபடி எழுதுகிறேன்.

வெளிச்சம்தான் அவற்றின் சாப்பாடு. ஓட்டுக்கு வெளியே பூப்போல விரிகிறதே, அந்தச் சதை மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் போட்டால்தான் சிப்பிக்கு வயிறு நிறையும். ஆகவே விளக்கைக் காலையில் போட்டால் பொழுது சாய்ந்துதான் அணைக்க வேண்டும். தண்ணீர் வற்றி மட்டம் இறங்கினால் உப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதே. வற்றுவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சுண்ணாம்புத் தெளிநீரைக் குழாயில் சொட்டுச் சொட்டாக விடு. ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினாயோ, அன்றோடு சரி.

பெரியதின் விளிம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கண்கள். நிழல் பட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். என் அறையில் என்னைத் தவிர யாரும் நடமாடியதில்லை, அதனால் கூச்சம் ஜாஸ்தி. பக்கவாட்டிலிருந்து மெல்லப் போ.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
பொடிசு


பிப்ரவரி 21

அன்புத் தங்கை பொடிசுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். சித்தியின் வாயும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சிப்பிக்கு மட்டி என்றும் ஒரு பெயர் உண்டாமே, மீன் கடைக்காரர் சொன்னார். ஆக, தொட்டியில் இருக்கும் மூன்று மட்டிகளும் நலம். தொட்டிக்கு வெளியே விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கும் நான்காவது மட்டியும் நலம். சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மோட்டார் சத்தம், யாரோ நாள் முழுக்க வாய் கொப்பளிக்கிற மாதிரி இருக்கிறது என்று அண்ணி அலுத்துக்கொள்கிறாள். பழகிவிடும்.

எனக்கு இங்கே அலைச்சல். ஒரு பல் டாக்டர் பெரிதாக கிளினிக் கட்டுகிறார். அத்தனை நாற்காலிகளும் என் கம்பெனியில் வாங்கினால் எனக்கு இந்த வருடம் முழுக்கக் கவலையில்லை. பார்ப்போம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். சித்தியை நன்றாகக் கவனி.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் சித்தியும் நலம். உன் கழுத்து எப்படி இருக்கிறது? 

சித்தியை நேற்று கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தேன். அதற்குள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்து, "அந்தச் சட்டை அவ புருஷனோடது இல்ல" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தேறிவருகிறார்.

சின்னச் சிப்பி இரண்டையும் வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்கிறாயா? ஓட்டின் அடியில் அரிசி போல வெள்ளையாக நத்தைகள் ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிடு. அட்டை ரத்தம் உறிஞ்சுகிற மாதிரி அவை சிப்பியை உறிஞ்சிவிடும். திரும்ப வைக்கும்போது உள்ளே காற்று தங்காமல் தண்ணீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்து, குமிழி போன பிறகு நிமிர்த்து.

இன்னொரு காரியம். கண்ணாடிக் கடை அம்மாவைப் பார்த்து, நான் ஆகஸ்ட் மாதம் வேலைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிடு. லென்ஸ் குறிக்க வேறு ஆளில்லாமல் அவரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாவம்.

அன்புடன்,
பொடிசு


ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே எல்லோரும் நலம். 

கண்ணாடிக் கடைக்குப் போனேன். சொல்லிவிட்டேன்.

பல் டாக்டரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். உன் தொட்டி முன்னால் நின்றவர் அப்படியே வாயைப் பிளந்துவிட்டார். பல் டாக்டரே வாயைப் பிளந்தால் பார்த்துக்கொள்! நாற்காலி விஷயம் அநேகமாகப் பழம்தான்.

அண்ணியின் அம்மாவுக்கு முட்டிவலி. கொஞ்ச நாள் நம்மோடு இருக்கட்டும் என்று அழைத்து வந்திருக்கிறோம். பெரிய சிப்பி நலம், நீலம் ஜொலிக்கிறது. நீ இதையெல்லாம் நினைத்துக் கவலைப்படாமல் சித்தியைப் பார்.

அன்புடன்,
அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் அம்மாவுக்கு முட்டி எப்படி? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

சித்தி நான்கு கால் தடியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்துவிட்டார். நடக்கும்போது என்னை வைகிறார், நின்றால் தடியை வைகிறார். டாக்டருக்கே ஆச்சரியம்.

முதல் கடிதத்தில் "மூன்று மட்டிகளும் நலம்" என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவை "பெரிய சிப்பி நலம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். சின்னது இரண்டும் எப்படி இருக்கின்றன? ஓட்டின் விளிம்பில் வெள்ளையாகப் புதுக்கோடு தெரிந்தால் வளர்கிறது என்று அர்த்தம். தெரிகிறதா? சதை பழுப்பாகி, மடிப்பு வழக்கத்தைவிட நீட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. விளக்கு பழசாகியிருக்கும்.

ஜூன் கடைசியில் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டம்மா சித்தியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
பொடிசு


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். சித்தி நடப்பது கேட்டு அண்ணிக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம்.

இப்போது வராதே. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சாமான்கள் எல்லாம் நடுக்கூடத்தில் கிடக்கும், உனக்குத் தூசி ஆகாது. அதோடு, நடக்க ஆரம்பித்த சமயத்தில்தான் வயதானவர்கள் விழுவார்கள். பக்கத்து வீட்டை நம்பி விட்டுவிட்டு வருவது சரியில்லை.

சின்னதுகள் கொஞ்சம் மந்தமாக இருக்கின்றன, அவ்வளவுதான். பெரியதற்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு ஒரு நல்ல சேதி: அதன் கூச்சம் போயே போய்விட்டது! யார் போனாலும் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால்கூட மூடுவதில்லை. நீ வளர்த்ததைவிட தைரியசாலியாக்கிவிட்டேன், பார்த்தாயா?

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்.

எத்தனையோ நிழல் பட்டுப் பட்டு, ஆபத்தில்லை என்று மரத்துப்போன பிறகுதான் ஒரு சிப்பி மூடுவதை விடும். நம் வீட்டில் நீ, அண்ணி, முட்டிவலியோடு ஒரு பெரியவர். குழந்தைகள் கிடையாது. மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பது யார் பிள்ளைகள்? தொட்டி எங்கே இருக்கிறது?

பொடிசு


ஆகஸ்ட் 12

அண்ணாவுக்கு,

ஜூன் மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. ஜூலையில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நேற்று சித்தி தடியில்லாமலே சமையலறை வரைக்கும் போய்த் தானே காபி போட்டுக் குடித்தார். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். நான் விளையாட்டாக, "இனி நான் கிளம்பலாம் போலிருக்கே" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எங்கே கிளம்பறே?"

"வீட்டுக்குத்தான் சித்தி. ஆறு மாசம் ஆச்சே."

"என்னடி சொல்றே? இனிமே நீ என்கூடத்தான்னு உங்க அண்ணன் சொன்னானே. அந்த வீட்டுல உனக்கும் வசதியில்ல, கடைசி வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்கன்னான். நீயே ஆசைப்பட்டுக் கேட்டேன்னு வேற சொன்னான். அதை நம்பித்தான் வேலைக்கு வந்தவளை நிறுத்தினேன்."

சித்திக்கு வயதாகிவிட்டது, எதையோ எதோடோ சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் சித்தி ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் பேச்சைக் குழப்பாமல் இணைத்தவர். நான் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டும்.

பொடிசு


ஆகஸ்ட் 25

அண்ணா,

நான் வந்துபோனதை அண்ணி சொல்லியிருப்பார். நீ வேலையாக வெளியூர் போயிருந்தாய். அதுவும் நல்லதுதான். நீ எதிரே நின்றிருந்தால் எனக்குப் பேச்சே வந்திருக்காது.

முதலில் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து லென்ஸுக்கு மையம் குறித்துக்கொண்டிருந்தாள். கடை அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தியா?"

"அடுத்த வாரத்துலேர்ந்து வேலைக்கு வரட்டுமான்னு கேட்க வந்தேன்."

அவர் முகம் தொங்கிவிட்டது. "நீ சித்திகூடவே தங்கிட்டே, இனிமே வரமாட்டேன்னு உங்க அண்ணன் அப்பவே வந்து சொல்லிட்டாரேம்மா. இத்தனை வருஷம் இருந்தவ ஒரு வார்த்தை நேர்ல சொல்லலியேன்னு உன் மேல எனக்கு மனத்தாங்கல்கூட."

"சொல்லிவிட்டேன்" என்று நீ எழுதியது பொய்யில்லை. சொல்லித்தான் இருக்கிறாய்.

அங்கிருந்து வீட்டுக்கு. அண்ணியின் அம்மா கதவைத் திறந்தார். வாய் நிறைய "வாம்மா" என்றார். சித்தியை விசாரித்தார். பிறகு, "எத்தனை நாள் இருப்பே? நடுக்கூடத்துல உனக்குப் பாய் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கேட்டபோது என் அறையில், என் ஜன்னலோரமாகப் போட்ட கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விருந்தாளியை எப்படி உபசரிக்க வேண்டுமோ அப்படித்தான் உபசரித்தார். பெயின்ட் அடித்த அடையாளம் எங்குமே இல்லை. தொட்டி இருந்த சுவரில் சதுரமாக ஒரு வெளிறல், கீழே தரையில் உப்புக் கறை. என் துணிமணி பரணில் ஒரு அட்டைப்பெட்டிக்குள்.

"தொட்டி எங்கே அண்ணி?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "டாக்டர் கிளினிக்ல. உங்களுக்கு எழுதிட்டேன்னுதான் அவர் எங்கிட்ட சொன்னார்."

கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என்ன தொந்தரவு என்று கேட்டாள். என்ன சொல்ல? "பல்லு வலி" என்றேன். சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னாள். இரண்டு வரிசை நாற்காலிக்கு நடுவில் என் தொட்டி. கண் கூசுகிறது என்று யாரோ சொன்னார்களாம், விளக்கின் பாதியைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். ஒரு பையன் சாவியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான், அவன் அம்மா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பெரியதின் நீலம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சேற்று நிறத்தில், வெளிச்சம் இருக்கும் பக்கமாக மடிப்பை இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. சின்னது இரண்டும் உயிரோடு இல்லை. காலி ஓடுகளைக் கழுவி, அழகுக்காக மணலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தொட்டியின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு. உன் கம்பெனியின் பெயரும், அடியில் "அன்பளிப்பு" என்றும்.

கையோடு கொண்டுவர வழியில்லை. வைக்க இடமில்லாமல் எடுத்தால் வழியிலேயே செத்துப்போகும். உள்ளே கூப்பிட்டபோது, "வலி நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான்காவது மட்டி நீ இல்லை, அண்ணா. நான்தான். ஆறு மாதமாக விளக்கு எத்தனை நேரம், தண்ணீர் எத்தனை சொட்டு என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ படித்தாயா என்றுகூடத் தெரியாது.

சித்தி நலம்.

பொடிசு


செப்டம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா? உன் கடிதம் கிடைத்ததிலிருந்து அண்ணி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நிதானமாக யோசித்துப் பார். யாருக்கு என்ன கெடுதல் செய்துவிட்டேன்? சித்திக்கு ஒரு துணை வேண்டும். உனக்கும் ஒரு துணை வேண்டும். உனக்கென்று குடும்பம் இல்லை, எனக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பார்கள் என்று நான் நினைக்காத நாளில்லை. சித்தி வீடு பெரிய வீடு, காற்றோட்டமான வீடு. அண்ணியின் அம்மாவை நான் தெருவிலா விட முடியும்? தொட்டியை டாக்டர் ஆசைப்பட்டுக் கேட்டார். உனக்காக வேறொரு தொட்டி பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். கண்ணாடிக் கடைக்காரரை எத்தனை நாள் காத்திருக்க வைப்பது?

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்று நினைப்பாய். கேட்டிருந்தால் நீ சம்மதித்திருக்க மாட்டாய். அதுதான் உண்மை.

சின்னச் சிப்பிகள் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு சிப்பிக்காக அண்ணன் தங்கை உறவை முறிப்பார்களா? பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 22

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

அவசரமாக ஒரு விஷயம். பெரிய சிப்பிக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் அதன் நிறம் மங்கிவிட்டது என்று போன மாதம் ரொம்ப சக்தியுள்ள விளக்காக வாங்கி மாட்டினார். அதிலிருந்து நடுச்சதை வெள்ளையாகிக்கொண்டே வருகிறது. ஓடு ஆவென்று திறந்தபடியே கிடக்கிறது. தொட்டால்கூட மெதுவாகத்தான் மூடுகிறது. மீன் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். டாக்டர் தினமும் என்னைக் கூப்பிட்டு, "வளர்த்தவர் நீங்கதானே, வந்து பாருங்க" என்கிறார். நான் போய் என்ன பார்ப்பேன்?

நீ ஒரு நடை வந்தால் போதும். உன் அறையைக் காலி செய்து கொடுக்கச் சொல்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

அன்புடன்,
அண்ணன்


டிசம்பர் 18

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரமே வந்தேன். கிளினிக்குக்கு மட்டும் வந்து திரும்பிவிட்டேன். உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

செப்டம்பரிலிருந்து உங்களுக்கு எழுதாமல் இருந்தபோது நான் சும்மா இருக்கவில்லை. முதலில் சித்தியோடு உட்கார்ந்து பேசினேன். "அவன் சொன்னதை விடு. உனக்கு இங்கே இருக்கப் பிடிச்சிருக்கா, இல்லியா? இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். இந்த விஷயத்தில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். இருக்கிறேன் என்றேன். ஆனால் வேலைக்குப் போவேன், பகலில் அவருக்கு ஆள் வைக்க வேண்டும், முன்னறையில் ஒரு தொட்டி வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டேன். மோட்டார் சத்தம் போடுமா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். இங்குள்ள கண் மருத்துவமனையின் கண்ணாடிப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். தொட்டியில் கல்லும் மணலும் போட்டுத் தண்ணீர் பக்குவப்பட விட்டிருந்தேன். இன்ன சிப்பிக்கு என்று நினைத்து வைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது தயாராக இருந்தது.

டாக்டரிடம் போய், சிப்பியை எடுத்துப் போக வந்திருக்கிறேன் என்றேன். யார் நீங்கள் என்றார். சொன்னேன். அவர் குழம்பிப்போய், "பத்து வருஷமா உங்க அண்ணன் வளர்த்ததுன்னுதானே சொன்னார்?" என்றார்.

"வளர்த்தது நான். கொடுத்தது அவர்" என்றேன்.

நல்ல மனிதர். அடுத்த நோயாளியை உட்கார வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே வந்தார். சிப்பி தன் அடிப்பாதத்திலிருந்து நூல் நூலாக விட்டுக் கல்லைக் கவ்விப் பிடித்திருந்தது. பிடுங்கினால் பாதம் கிழிந்து செத்துவிடும் என்று கல்லோடு சேர்த்துத் தூக்கி, தொட்டித் தண்ணீரோடு தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கினோம். தொட்டியை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தகடு அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னேன். உங்கள் வேலைக்கு ஒன்றும் வராது.

பட்டினி கிடந்த உயிருக்கு ஒரே நாளில் அத்தனை வெளிச்சம் கொடுத்ததால் வந்த வினை அது. இங்கே விளக்கை உயரத்தில் கட்டி, வலை போட்டு மறைத்து, ஒவ்வொரு வலையாக எடுத்துக்கொண்டு வருகிறேன். பல நாள் வாயைத் திறந்தபடியே கிடந்தது. சித்தி தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்பார். போன ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை. "ஏய், இங்கே வா" என்று கத்தினார். ஓடினேன். ஓடு பாதி மூடி, மடிப்பு ஒழுங்காக விரிந்திருந்தது. வெள்ளையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பழுப்பாகப் பாசி திரும்பியிருக்கிறது. பிழைக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல இன்னும் சில மாதம் ஆகும்.

அறையைக் காலி செய்ய வேண்டாம். அண்ணியின் அம்மாவுக்கு அந்த ஜன்னல் வெயில் முட்டிக்கு நல்லது. பரணில் இருக்கும் பெட்டியை மட்டும் யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள்.

உறவை முறிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒன்றையும் முறிக்கவில்லை. என்னைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தீர்கள், அது எனக்குத் தெரிய கொஞ்சம் காலமாயிற்று, அவ்வளவுதான்.

சித்தி நலம். நான் நலம். நீங்கள் நலமா என்று எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. வருகிற நாளில் நானே எழுதுகிறேன். அதுவரை நீங்கள் எழுத வேண்டாம்.

தங்கை